நிறைந்துகொண்டே போன டப்பா

அத்தியாயம் 4

கதவைத் திறந்த க்வாக் கிதே, துப்பறிவாளர் நாம்கூங்கின் முகத்தை ஒரு முறை பார்த்தான். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை பார்த்தான். பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கி, பளபளப்பான ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உள்ள வர்றதுக்கு முன்னாடி இத முகத்துல ஒட்டிக்கணும்."

பிரித்தால், சொதசொதவென்று ஒரு ஷீட் மாஸ்க். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் ஓட்டை போட்ட, வெள்ளரிக்காய் மணக்கும் ஈரத்தாள்.

"எதுக்கு?"

"என் மனைவி யேசுல் ஏழு மாசம். வீட்டுல தேக்யோ நடக்குது. வயித்துல இருக்கறப்பவே குழந்தைக்கு நல்லது சொல்லிக் குடுக்கறது. அவ அழகான முகத்த மட்டும்தான் பாக்கணும். உங்க முகம் வந்து..." கிதே வார்த்தை தேடினான். "அனுபவம் உள்ள முகம்."

நாம்கூங்கின் உதவியாளர் ஆரம், இருமுவது போலச் சிரித்தாள். "நானும் ஒட்டிக்கணுமா?"

கிதே அவளை அளந்தான். "நீங்க பரவால்ல."

"கேட்டீங்களா பாஸ்? எழுத்துல வாங்கிக்கலாமா?"

"இன்னொண்ணு சார்," என்றான் கிதே, குரலைத் தாழ்த்தி. "கெட்ட வார்த்தை எதுவும் குழந்தை காதுல விழக்கூடாது. திருட்டுன்னு சொல்ல வேண்டிய இடத்துல நடனம்னு சொல்லுங்க. திருடனுக்குப் பட்டாம்பூச்சி. சந்தேகப்படறேன்னு சொல்லக்கூடாது, தென்றல் அடிக்குதுன்னு சொல்லணும்."

"விஷத்துக்கு?" என்றாள் ஆரம்.

"தேன்."

"கொலைக்கு?"

கிதேயின் முகம் வெளிறியது. "அதுக்கு நாங்க இன்னும் பேர் வைக்கல."

நாம்கூங் மாஸ்க்கை ஒட்டிக்கொண்டார். கன்னத்தில் குளிர்ந்த சாறு வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. இருபது வருடத் தொழிலில் கத்தியைப் பார்த்திருக்கிறார், துப்பாக்கியைப் பார்த்திருக்கிறார். வெள்ளரிக்காய் இதுதான் முதல் தடவை.

படுக்கையறையில் பியானோ இசை மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த ஆப்பிள்கள் எல்லாம் ஒரே உருண்டை. கோணல் பழத்துக்கு இந்த வீட்டில் அனுமதி இல்லை. கட்டிலில் சாய்ந்திருந்த யேசுல் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் நீர் தளும்பியது. அழுவதும் தடை.

"சார்," என்றாள் தாலாட்டு ராகத்தில். "என் க்ரீம் டப்பாவுல பட்டாம்பூச்சி பூந்திருக்கு."

"எவ்வளவு எடுத்திருக்கு?" நாம்கூங்கும் ராகத்தோடு கேட்டார்.

"எடுக்கல சார். போட்டிருக்கு."

மேஜை மேல் இருந்த வெள்ளை டப்பாவை அவள் காட்டினாள். தங்க நிற மூடி. உள்ளே க்ரீம், காலையில் பூசிய இரண்டு விரல் பள்ளம் தவிர, விளிம்பு வரை தளதளவென்று நின்றது.

"உண்டானது தெரிஞ்ச அன்னைக்கே நான் இருந்த சாமான் எல்லாத்தையும் எடுத்து வச்சு, பின்னாடி இருக்கற பொடி எழுத்தெல்லாம் படிச்சேன். சுருக்கம் போக்கற ரெட்டினால் இருந்துச்சா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, குப்பைக்கு. பருவுக்குப் போடறதா, குப்பைக்கு. வாசனை தூக்கலா, அதுவும் குப்பைக்கு. சாதாரண சோப்பு, துத்தநாகம் போட்ட சன்ஸ்க்ரீன், அப்புறம் எங்க அம்மா கொண்டாந்து குடுத்த இந்த க்ரீம். இவ்வளவுதான் மிச்சம். இத அஞ்சாம் மாசத்துலேர்ந்து காலையும் மாலையும் பூசறேன். டப்பா கொறையவே மாட்டேங்குது. போன வாரம் ஒரு மாதிரி வாசனை வேற."

"என்ன வாசனை?"

அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "கிம்ச்சி."

நாம்கூங் டப்பாவை முகர்ந்தார். அவருக்கு வெள்ளரிக்காய்தான் வந்தது. ஆரம் வாங்கி முகர்ந்தாள்.

"கிம்ச்சிதான் பாஸ். நவம்பர்ல போட்ட முட்டைக்கோஸ், நல்லாப் புளிச்சிருக்கு. ஒரு கிண்ணம் சூடான சோறு மட்டும் கெடைச்சா இன்னும் நெறைய கண்டுபிடிப்பேன்."

"எனக்கு மசக்கையில அந்த வாசனையே ஆகாது," என்றாள் யேசுல். "அஞ்சு மாசமா இந்த வீட்டு வாசல கிம்ச்சி தாண்டல. அப்படின்னா வெளியிலேர்ந்து யாரோ வந்து என் டப்பாவுல எதையோ கலக்கறாங்க. நான் அத முகத்துல பூசியிருக்கேன் சார். எத்தன நாள் பூசினேன், என்ன பூசினேன், எதுவும் தெரியாது."

சிரிப்பு அப்படியே இருக்க, ஒரு கை மட்டும் வயிற்றின் மேல் போனது.

"கதவு பூட்டோட எண் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு. எதிர்வீட்டுல இருக்கற மாமாவுக்கு, அத்தைக்கு. மாமா பாவம், வாயே திறக்க மாட்டார். அத்தை மேலதான் தென்றல் அடிக்குது."

"எங்கம்மா மேல புயலே அடிக்குது சார்," என்று முனகினான் கிதே.

சுவரோரம் ஒரு பெட்டி, மூடி, பூட்டி, தயாராக நின்றது. யேசுல் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மத்தியானம் எங்க அம்மா கார்ல வர்றாங்க. அதுக்குள்ள பட்டாம்பூச்சி யாருன்னு தெரியலைன்னா நான் கிளம்பறேன். பிரசவம் அங்கதான். திரும்பியும் வரமாட்டேன். பச்சக்குழந்தைக்கு யாரு என்ன பூசுவாங்கன்னு பயந்துகிட்டு ஒரு வீட்டுல எப்படி சார் இருக்கறது?"

கிதே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஆரம், தடையில்லாத ஒரே கேள்வி என்று நினைத்து.

"கோங்கோங் நல்லா இருக்குன்னுதான் டாக்டர் சொல்றாங்க. தானா புரளும். ஆனா நான் பேசினா, பாட்டுப் போட்டா பதிலுக்கு ஒரு உதை கிடையாது. எத்தன பியானோ கேட்டாச்சு! ஒருவேளை என்னையே பிடிக்கலையோ என்னமோ."

கோங்கோங் என்பது வயிற்றுக்குள் இருப்பவருக்கு வைத்த செல்லப் பெயர்.

வராந்தாவுக்கு வந்ததும் நாம்கூங் மாஸ்க்கின் வாய் ஓட்டையைச் சரி செய்துகொண்டார். "ஆரம், வழக்கமா திருடன் வந்தா சாமான் கொறையும். இங்க வந்தவன் நிரப்பிட்டுப் போறான். ஏன்?"

"தர்மவானா இருப்பான் பாஸ். எங்க வீட்டு அட்ரஸ் குடுக்கலாமா?"

"நடிக்காத. யோசி."

"யோசிச்சா முகத்துல சுருக்கம் விழும். அப்புறம் எனக்கும் மாஸ்க் குடுத்துருவாங்க."

எதிர்வீட்டுக் கதவைத் திறந்த மாமியார் மால்சுன், பழக்கதோஷத்தில் கிசுகிசுப்பாகவே பேசினார்.

"அம்மா," என்று ராகமாக ஆரம்பித்தார் நாம்கூங், "உங்க மருமக டப்பாவுல ஒரு பட்டாம்பூச்சி..."

"அட, திருடன்னே சொல்லுங்க. என் வயித்துல யாரும் இல்ல." மால்சுன் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "என்னச் சொல்றாளா? நான் அந்த வாசப்படி மிதிச்சே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. என் முகத்துல சுருக்கம் அதிகமாம். குழந்தை பாத்தா அப்படியே பிறந்துருமாம். நான் பெத்த புள்ளைக்குத்தான் அது புள்ள, சுருக்கத்தோட பிறந்தா என்ன குடி முழுகிருமா?"

"அப்ப யாரு மேல உங்களுக்கு..."

"திருடன் கெடக்கட்டும். துப்பறியணும்னா என் வீட்டுக்காரர துப்பறிங்க." மால்சுன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்த மனுஷனுக்கு வேற எவளோ இருக்கா."

ஆரம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு வேள முகம் கழுவறார். கண்ணாடி முன்னாடி நின்னுகிட்டே இருக்கார். கேட்டா பதில் இல்ல, அதான் பேசக்கூடாதுன்னு உத்தரவாச்சே! வீட்டுக்குள்ளயே மலையேறப் போற மாதிரி தொப்பி, முகமூடி. ராத்திரி செவுத்தப் பாத்துப் படுத்துக்கறார். போன வாரம் முகமூடி நழுவுனப்ப பாத்துட்டேன். உரிச்ச முட்ட மாதிரி இருக்கு முகம்! அறுபத்தெட்டு வயசுல காரணம் இல்லாம ஒரு ஆம்பள அப்படி மின்னுவானா?"

"அவர் ஏன் பேசக்கூடாது?"

"பூசான் மீன் சந்தையில ஏலம் விட்ட தொண்ட அது. தண்ணி குடுன்னு கேட்டாலே மேல்மாடியில எந்திரிச்சு லைட் போடுவாங்க. ஒருநாள் மருமக தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சா. அன்னையோட, குழந்தை பிறக்கற வரைக்கும் வாயே திறக்கக்கூடாதுன்னு ஆயிருச்சு."

"கடைசியா ஒரே கேள்வி. உங்க வீட்டுக் கிம்ச்சி எங்க?"

மால்சுன் பெருமூச்சு விட்டார். "நாடு கடத்தியாச்சு. வாசனை கதவிடுக்கு வழியா அங்க போகுதாம். அவரோட பழைய லாரியில ஏத்தி, கீழ பார்க்கிங்ல கெடக்கு. தினம் மத்தியானம் சோத்துக் கிண்ணத்தத் தூக்கிட்டுப் போயி லாரிக்குள்ள உக்காந்து தின்னுட்டு வர்றார்."

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. தொப்பி, முகமூடி, கையுறை சகிதம் கிதேயின் அப்பா, பெரியவர் க்வாக் உள்ளே வந்தார். நாம்கூங்கின் ஈர வெள்ளை முகத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு கண்ணால் சிரித்து வைத்தார். சமையலறைக்குப் போய்ச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவருடைய கோட்டுப் பை ஒரு பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தது.

"பாஸ், பின்தொடரணுமா?"

"தெரியாம பின்தொடரணும்."

பதினாலாவது மாடி. ஒரே லிஃப்ட். ஆகவே தெரியாமல் பின்தொடர்ந்தவர்களும் தொடரப்பட்டவரும் ஒன்றாக ஏறி, தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒன்பதாவது மாடியில் காலிக் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் ஏற வந்தார். முகமே தெரியாத ஒருவரையும், முகம் வழிந்துகொண்டிருந்த இன்னொருவரையும் பார்த்தார். "நான் அடுத்ததுல வர்றேன்" என்று பின்வாங்கினார்.

"நம்ம வேஷம் நல்லா வேலை செய்யுது பாஸ்," என்று காதில் ஓதினாள் ஆரம்.

கீழ்த்தளத்தில் பிப்ரவரிக் குளிர் எலும்பைக் கடித்தது. பெரியவர் நேராக ஒரு நீல நிறக் குட்டி லாரிக்குப் போனார். இருவரும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அவர் பின்கதவைத் திறந்ததும் புளித்த மிளகாய் வாசனை தூண் வரை வந்து வணக்கம் சொன்னது. உள்ளே ஒரு பெரிய கிம்ச்சிப் பெட்டி. அதன் மேல், குளிரில் உறைந்துவிடாமல் இருக்கத் துணியில் சுற்றிய ஒரு வெள்ளைப் பாட்டில்.

பெரியவர் கோட்டுப் பையிலிருந்து உருண்டையை வெளியே எடுத்தார். தங்க நிற மூடி!

"நாம எதிர்வீட்டுல உக்காந்திருந்தப்ப, அவங்க கிளம்பற அவசரத்துல, சுட்டுட்டு வந்திருக்கார்!" என்றாள் ஆரம்.

கையுறையைக் கழற்றி, பாட்டிலிலிருந்து க்ரீமைப் பிதுக்கி, டப்பாவின் விளிம்பு வரை வழித்து நிரப்பினார் பெரியவர். ஐஸ்க்ரீம் கடைக்காரருக்குக்கூட அந்தப் பொறுமை வராது.

நாம்கூங் பாய்ந்தார். "அசையாதே! பட்டாம்பூச்சி!"

அவர் குரல் தூண்களில் மோதித் திரும்பியது. அதே நேரம் ஒரு சின்னக் கார் வளைந்து வந்து விளக்கை அவர்கள் மேல் அடித்து நின்றது. இறங்கியவர் யேசுலின் அம்மா ஒக்பூன். வீடு வீடாகப் போய் அழகு சாதனம் விற்பவர், கையில் எப்போதும் இருக்கும் பையோடு வந்திருந்தார். லிஃப்ட் கதவும் திறந்தது. பெட்டியோடு கிதே, மூச்சு வாங்கிக்கொண்டு யேசுல், அவளுக்குப் பின்னால் மால்சுன்.

யேசுல் டப்பாவைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். தேக்யோ முழுவதும் அவள் முகத்திலிருந்து உதிர்ந்தது.

"மாமா, நீங்களா?"

பெரியவர் வாயைத் திறந்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"என்னய்யா செஞ்சீங்க என் பொண்ண?" என்று ஒக்பூன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஏறுடி கார்ல!"

"ஒரு நிமிஷம்," என்று நடுவில் வந்தார் நாம்கூங். ராகம் தானாக வந்துவிட்டது. "இந்தப் பட்டாம்பூச்சி தேன் கலக்கல. தேன எடுத்துட்டு, தேன் இல்லாதத வச்சு, தென்றல் அடிக்காம நடனம்..."

"பாஸ், எனக்கே புரியல."

"நேரா சொல்லுங்க சார்!" என்று கத்தினாள் யேசுல். ஐந்து மாதத்தில் அவள் போட்ட முதல் சத்தம்.

நாம்கூங் தொண்டையைச் செருமினார். "நிரப்பறவன் எதுக்கு நிரப்பறான்? டப்பா தீரக்கூடாதுன்னு. தீர்ந்தா என்ன ஆகும்? நீங்க அடுத்த டப்பாவப் பிரிப்பீங்க. அத சீல் உடைக்காம அவரால மாத்த முடியாது. அதனால இந்த ஒரே டப்பாவ தீராமப் பாத்துக்கிட்டாரு. அப்படின்னா அவர் பயந்தது இதப் பாத்து இல்ல. அடுத்ததப் பாத்து." அவர் ஒக்பூன் பக்கம் கை நீட்டினார். "உங்க பையில பொண்ணுக்குப் புது டப்பா இருக்குமே?"

ஒக்பூன் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். அதே தங்க மூடி. நாம்கூங் செல்போன் விளக்கை அடித்து அட்டையின் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு அதை யேசுலிடம் நீட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

ரெட்டினால்.

"எல்லாத்தையும் படிச்சீங்க," என்றார் மெதுவாக. "இது?"

யேசுலின் கை வயிற்றுக்குப் போனது. "அம்மா குடுத்தத யாராவது படிச்சுப் பாப்பாங்களா?"

ஒக்பூனின் முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கிட்ட இருக்கறதுலயே உசத்தி அதாண்டி! உன் முகம் வாடிப்போச்சேன்னு... எங்கிட்ட வாங்கறவங்க எல்லாம் அறுபதுக்கு மேல. அதுல எவளும் உண்டானதே இல்லயே! எனக்கு எப்படித் தெரியும்?"

கிதே அதற்குள் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டிருந்தான். எல்லோரும் செல்போனைச் சுற்றி நின்றார்கள். டாக்டர் கேட்டார்: எத்தனை நாள் பூசினாள்?

பதில் தெரிந்தவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமா," என்றாள் யேசுல். "பேசுங்க. நான் சொல்றேன். பேசுங்க."

பெரியவர் முகமூடியைக் கழற்றினார். ஆரம் விசிலடிக்கப் போய் அடக்கிக்கொண்டாள். உரித்த முட்டையேதான்.

"நாலே நாளு!" என்றார். கீழ்த்தளத்தில் எங்கோ ஒரு காரின் அலாரம் அலறத் தொடங்கியது. "எனக்குக் காலு பித்தவெடிப்புத்தா. தெரியாம உன் டப்பாவுல ஒரு விரல் எடுத்துப் போட்டேன். பஞ்சு மாதிரி ஆயிருச்சு! அட்டையத் தூக்கிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போயி, இதே மாதிரி ஒண்ணு குடுறான்னேன். அவென் படிச்சுப்புட்டு, வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா, இத அவளப் பூசவிடாதன்னுட்டான். அன்னிக்கே மொத்தத்தையும் வழிச்செடுத்துட்டு, அவென் குடுத்த புள்ளைக க்ரீம அமுக்கிட்டேன். வாசனையே இல்லாத க்ரீமுத்தா, கிம்ச்சி பக்கத்துல வச்சதுதான் தப்பு!"

நாலு நாளா, அப்படியானால் பயம் வேண்டாம் என்றார் டாக்டர். தோலில் பூசுவது உள்ளே போவது மிகக் குறைவு, நிறுத்தியாயிற்று, அது போதும், அடுத்த பரிசோதனைக்கு வழக்கம்போல வரவும் என்றார். யார் கொடுத்தாலும் இனிமேல் பூசுவதற்கு முன்னால் தன்னிடம் காட்டவேண்டும் என்றும், பின்னால் அலறுவது யார் என்றும் கேட்டார்.

"கார் அலாரம் டாக்டர்," என்றான் கிதே. முழுப் பொய் இல்லை.

"ஒரு சீட்டுல எழுதி வச்சிருக்கலாமே மாமா?"

"எழுதினா படிப்ப. படிச்சா பயப்படுவ. நீ பயந்தா உள்ள இருக்கறது பயப்படும். அதானத்தா உன் சட்டம்? இவென்கிட்டச் சொல்லலாம்னா" என்று மகனைக் காட்டினார், "இவென் வாயில ஒண்ணும் தங்காது. அப்புறம்..." குரல் முதன்முறையாகச் சாதாரண மனிதக் குரலுக்கு இறங்கியது. "மருமக க்ரீம காலுல பூசுனேன்னு எப்படித்தா சொல்றது?"

"அப்ப முகம்?" என்று இடைமறித்தார் மால்சுன். "முகம் ஏன்யா மின்னுது?"

"வழிச்செடுத்தத குப்பையிலயா போடறது? வெல தெரியுமாடி உனக்கு?"

மால்சுன் கணவரின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். ஒரு மாதமாகத் தொலைத்த தூக்கம் அதில் திரும்பி வந்தது.

ஒக்பூன் இன்னும் தலை நிமிரவில்லை. யேசுல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமனாரைப் பார்த்து நின்றாள். என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மாதமாகத் தொண்டையில் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து விட்டார்:

"ஏத்தா! சாப்ட்டியா?"

இரண்டாவது காரும் அலறியது. யேசுல் "ஆ!" என்று வயிற்றைப் பிடித்தாள். எல்லோரும் பதறினார்கள்.

"உதைச்சது," என்றாள். கண்ணில் நீர் தாராளமாக வழிந்தது, இந்த முறை யாரும் தடுக்கவில்லை. "பதிலுக்கு உதைச்சது! மாமா, இன்னொரு தடவ!"

"கோங்கோங்! உங்கிட்டதாண்டா கேக்கறேன்! சாப்ட்டியா?"

மறுபடியும் உதை. கோட்டுக்கு மேலேயே தெரிந்தது. கிதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தான், மேலே போக.

ஒக்பூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரின் முகத்தை விளக்கில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடத் தொழில் கண். "அண்ணே, நாளைக்கு ஒரு நாள் என்கூட வர்றீங்களா? நீங்க பேசவே வேண்டாம். சும்மா நின்னா போதும்."

"வர்றேன். ஆனா இந்த டப்பாவ" என்று நாம்கூங் கையிலிருந்த புது டப்பாவை வாங்கிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார் பெரியவர், "திருப்பிக் கேக்கக்கூடாது."

நாம்கூங் திருப்தியோடு மாஸ்க்கை உரித்தெடுத்தார். கன்னத்தைத் தடவினார். குழந்தை போல வழுவழுத்தது.

"எப்படி இருக்கு ஆரம்?"

ஆரம் பார்த்தாள். பிறகு லிஃப்ட்டில் ஏறப்போன யேசுலைப் பார்த்தாள்.

"அவங்க போற வரைக்கும் மறுபடி ஒட்டிக்கங்க பாஸ். இப்பதான் குழந்தை சந்தோஷமா இருக்கு."